பேர் சொல்லாமல் கூப்பிட்டது

"…அதெல்லாம் கெடக்கட்டும்லே, பேரச் சொல்லித்தான கூப்பிட்ட?"

கேட்டவள் என் அக்கா சந்திரா. கோவில்பட்டியில் அவள் வீட்டு கேட்டுக்கு முன்னால், பிற்பகல் மூன்று மணி வெயிலில் நின்று கேட்டாள். நான் இலங்கையிலிருந்து விமானத்தில் மதுரை வந்து, அங்கே நிறுத்திவைத்திருந்த என் காரை எடுத்துக்கொண்டு நேராக அவள் வாசலுக்கு வந்து இறங்கியிருந்தேன். சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம். அவளுக்கு நான் சொன்ன பதிலையும் அதற்கப்புறம் அவள் செய்ததையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

ஏனென்றால் இந்த மாதிரி சங்கதி எதிலும் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இருபது வருஷம் தீப்பெட்டி லோடு வண்டி ஓட்டியவன் நான். எட்டயபுரம் ரோட்டில் நான் போகாத நேரம் கிடையாது. ஒருதரம் வேலிக்கருவைக்குள் வெள்ளையாக ஒன்று நின்று கையை ஆட்டியது, இறங்கிப் போய்ப் பார்த்தால் காற்றில் பறந்து வந்து மாட்டிய உரச்சாக்கு. என்னோடு லோடு ஏற்றிய அய்யாத்துரை அண்ணாச்சி சொல்வார், "பேய்க்கு வேற சோலி இல்லையாக்கும், ஒன் டீசல் பொகையக் குடிக்கவா வருது" என்று. அதுதான் என் வேதம். இப்போது இரண்டு டாக்சி வைத்து ஓட்டுகிறேன். மனுஷன் பொய் சொல்வான், வண்டி பொய் சொல்லாது என்று நம்புகிற ஆள். கடைசியில் வண்டிதான் என்னை இப்படி எழுத வைத்திருக்கிறது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்தவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் பிறந்தது இங்கே. அக்கா அங்கே பிறந்து, ஒன்பது வயதில் வந்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொருத்தி இருந்தாள், பவளம் என்று பேர், அஞ்சு வயசு. கப்பலேற நாலு நாள் இருக்கும்போது வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். தோட்டத்திலேயே புதைத்தார்கள். புதைத்த இடத்தில் அக்கா உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம். பிறகு வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று அம்மா சொல்லி இழுத்து வந்திருக்கிறாள். அம்மா அந்த நேரத்துக்குச் சொன்னது. அக்கா அதை ஐம்பது வருஷமாகக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டுக்குள் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவும் வருஷா வருஷம் பொங்கலுக்குப் புதுப் பாவாடை எடுத்து ஓலைப்பெட்டியில் வைப்பாள். ஆனால், "பாவாடை இங்கன இருக்கு, புள்ள அங்கனல்லா கெடக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

போன வருஷம் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் பார்த்த டாக்டர் மூன்று இடத்தில் அடைப்பு, ஆபரேஷன் தவிர வேறு வழியில்லை, தள்ளிப் போட்டால் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார். அக்கா மாட்டேன் என்றாள். பவளத்தின் மண் வீட்டுக்கு வராமல் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன் என்றாள். ஒரு சாமியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக நாங்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அது இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வருவோம், பிடிமண் என்று அதற்குப் பேர், மண் வந்தால் சாமி வந்தாயிற்று. அதைத்தான் கேட்டாள். திட்டினேன், கெஞ்சினேன், அவள் மகனைத் திருப்பூரிலிருந்து வரவழைத்துப் பேசவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"மேசைல படுத்து நான் எந்திரிக்காமப் போயிட்டா, அவ யாரப் பாத்துக்கிட்டுடா நிப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். டிக்கெட் போட்டேன்.

கிளம்பும்போது அவள் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். மண்ணை எடுத்துக்கொண்டு, பேரைச் சொல்லி மூன்று தரம் சத்தமாகக் கூப்பிட வேண்டும், எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். "பேர் சொன்னாத்தான் வருவா. இல்லன்னா யாரையோ கூப்பிடுதாகன்னு நின்னுக்கிடுவா. கூச்சக்காரி."

கொழும்பு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குக் கார் விடுகிற ஒரு சின்ன இடம். நிமல் என்று ஒருவர், சிங்களக்காரர், தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். என் லைசென்ஸுக்கு அந்த ஊர் அனுமதிச் சீட்டு வாங்குவதற்கு அரை நாள் போனது. கொடுத்தது ஒரு ஜப்பான் கார், சத்தமே இல்லாத வண்டி, ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று இரண்டு தரம் கேட்டேன். நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பழகச் சிரமம் இல்லை. ஒரே தொந்தரவு என்னவென்றால், யார் எந்த சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டாலும், கண்ணாடிக்குக் கீழே அந்த சீட்டுக்கு ஒரு சிவப்பு விளக்கு எரிந்து பீப் பீப் என்று கத்தும். அவர் பின் சீட்டில் உட்கார்ந்தே அதைக் காட்டினார். நான் தனி ஆள், எனக்கு எதற்கு என்றேன்.

முதல் நாள் கண்டியில் தங்கினேன். ரோடு அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது, இரண்டு பக்கமும் பச்சை, கண் கூசுகிற பச்சை. கரிசலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது ஒருவிதத்தில் மூச்சு முட்டுகிறது, எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒன்று முளைத்து நிற்கிறது, தூரத்தைப் பார்க்கவே முடியவில்லை. இங்கிருந்து முதன்முதலில் தோட்ட வேலைக்குப் போனவர்கள் முதல் நாள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தேன். அங்கே லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ராமையா என்று ஒரு பெரியவர். எங்கள் அப்பாவைத் தெரிந்தவர், கடிதத் தொடர்பு இருந்தது. தேத்தண்ணி கொடுத்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே நடந்து, ஓடைக்கு மேலே ஒரு சரிவுக்குப் போனார். பெரிய பெரிய யூக்கலிப்டஸ் மரங்கள். கீழே புல். கல் கிடையாது, மேடு கிடையாது, எதுவுமே கிடையாது.

"பெரியவங்களுக்கு அந்தப் பக்கம் தம்பி. இது புள்ளைங்க எடம்" என்றார். பஞ்சம் வந்த காலத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு என்று கொண்டுவந்து வைத்ததையும், ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றாக வைத்ததால் எது யார் பிள்ளை என்று தாய் தகப்பனுக்கே ஒரு மழைக்கு அப்புறம் தெரியாமல் போனதையும் சொன்னார். எங்கள் அப்பா இந்த மரத்தடி என்று சொன்னதாக ஞாபகம் என்று ஒன்றைக் காட்டினார். அந்த மரமா, பக்கத்து மரமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

நான் உட்கார்ந்து மண்ணை எடுத்தேன். செம்மண். ஈரமாக இருந்தது. மண்ணை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், கோயில் குங்குமம் வாங்கிக் காலியான காகிதத்தில் ஒரு சிட்டிகை போட்டு மடித்தேன். அடுத்து பேரைச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். பத்தடி தள்ளி நாலைந்து பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள். நான் பேன்ட் சட்டை போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, பளபள என்று ஒரு காரில் வந்து இறங்கியவன். நாற்பத்தாறு வயசு ஆள் மலையில் நின்றுகொண்டு பவளம், பவளம் என்று கத்துவதா? வெட்கமாகப் போய்விட்டது. வாய்க்குள்ளேயே, "வா தாயி, நம்ம ஊருக்குப் போவோம்" என்றேன். மூன்று தரம் சொன்னேன், அதில் குறை வைக்கவில்லை. பேரை மட்டும் சொல்லவில்லை.

எழுந்தபோது அந்தப் பெண்கள் திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"பேரு சொன்னீங்களா தம்பி? காதுல விழலியே" என்றார் ராமையா.

மனசுக்குள் சொன்னேன் என்றேன்.

அவர் புல்லைக் காட்டினார். "இங்க கெடக்குற அம்புட்டும், நாளைக்கு ஊருக்குப் போறோம், நாளைக்கு ஊருக்குப் போறோம்னு சொல்லிச் சொல்லி வளத்த புள்ளைங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சீக்கிரம் கிளம்புங்கள், பனி இறங்கிவிடும் என்றார்.

என் பை டிக்கியில் இருந்தது. பொட்டலம் என் சட்டைப்பையில். சீட்டுகளில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். மணி ஒன்றரை இருக்கும். வண்டியை எடுத்து நூறடி போகவில்லை, பீப் என்றது. பக்கத்து சீட்டுக்கு உரிய சிவப்பு விளக்கு. ஏதோ கோளாறு என்று நினைத்தேன், சென்சார் வேலை பார்க்காத கார் என் கையிலேயே ஒன்று இருக்கிறது. அடுத்த வளைவில் பின் சீட்டு, இடது பக்கம். பிறகு வலது. பிறகு நடு. நாலு விளக்கும் வரிசையாக எரிகிறது, சத்தம் காதைத் துளைக்கிறது, வெளியே பஞ்சு மாதிரி பனி இறங்கிவிட்டது.

ஓரமாக நிறுத்தினேன். சத்தம் நின்றால் போதும் என்று இறங்கிப் போய் ஒவ்வொரு சீட்டிலும் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். வெறும் சீட்டில் பெல்ட்டை மாட்டினால் என்ன ஆகும்? உள்ளே சுருண்டு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டவில்லை. நாலு பெல்ட்டும் சீட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, தொங்கவும் செய்யாமல், விறைப்பாக நின்றது. நான் விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் இதை இன்னும் உறுதியாக உங்களிடம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

சத்தம் நின்றுவிட்டது. ஆனால் வண்டி கனத்துவிட்டது. இதை லோடு வண்டி ஓட்டியவனிடம் கேளுங்கள். இறக்கத்தில் காலி வண்டி ஒரு மாதிரி இறங்கும், லோடு ஏற்றிய வண்டி பின்னாலிருந்து ஆளைத் தள்ளும். அந்தச் சின்னக் கார் என்னைத் தள்ளியது. வளைவுக்கு வளைவு பிரேக் காய்ந்து வாடை வந்தது. நாலு பிள்ளைகள் உட்கார்ந்த கனம் இல்லை அது, அதை இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். மடியில், காலடியில், எங்கெங்கே இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஏற்றிக்கொண்டு வருகிற கனம். நம் ஊரில் திருவிழாவுக்குப் போகிற ஆட்டோ மாதிரி.

சத்தம் ஏதாவது கேட்டதா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. அழுகை, சிரிப்பு, குளிர்காற்று, ஒன்றும் கிடையாது. சாதாரணமாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு பாலம் வந்தது. அங்கே நிறுத்தி, இப்போதாவது சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். பவளம் என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கூப்பிட்டு, இவர்களில் ஒருத்தி மட்டும் அவள் என்றால், மற்றவர்களிடம் என்ன சொல்வது? இந்தப் பனியில் இறங்கச் சொல்வதா? ஊருக்குப் போவோம் என்று சொன்னது நான்தானே. வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அவள் வண்டியில் இருக்கிறாளா என்று நான் யோசிக்கவே இல்லை. மரத்தடியிலேயே, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றிருப்பாளோ என்று அப்போது தோன்றவில்லை.

கீழே வெயிலுக்கு வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எங்கேயும் நிற்காமல் விட்டேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நிமல் இடத்துக்கு வந்துவிட்டேன். அவர் ஷெட்டு வாசலில் நின்று வண்டி உள்ளே திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி டிக்கியைத் திறக்கும்போது பக்கத்தில் வந்து, "பிள்ளைகளுக்கு சீட் வேணும் என்று சொன்னால் தந்திருப்பேன் தானே. இப்படி நிறையப் பேரை ஏத்தக் கூடாது" என்றார்.

எந்தப் பிள்ளைகள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவர் எத்தனை என்று சொல்லியிருப்பார். "இறங்கிட்டாங்க" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. அவர் பின்கதவைத் திறந்து பெல்ட்டுகளைக் கழற்றினார், அது அது உள்ளே சுருண்டு போனது.

மறுநாள் விமான நிலையத்தில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த அதிகாரி குங்குமம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தார். மதுரையிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் என் பழைய கார். அதில் அந்த விளக்கெல்லாம் கிடையாது. கனத்ததா என்று கேட்காதீர்கள், நான் அன்று ஏசியை முழுசாக வைத்து, ரேடியோவை முழுசாக வைத்து ஓட்டினேன்.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா அந்த ஆபரேஷனிலிருந்து கண் விழிக்கவில்லை. நெஞ்சு ரொம்பவும் பலவீனமாகிவிட்டது, ஒரு மாதம் முந்தி வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அது சரிதான், நான் அதற்கு வேறு காரணம் சொல்ல வரவில்லை. அவள் வீடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவள் மகன் வாடகைக்கு விடச் சொல்கிறான். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேருமே, இத்தனை சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிற குடும்பத்தை ஏன் காலி பண்ணச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே யாரும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அன்றைக்கு கேட்டில் நின்று அக்கா கேட்டாள் இல்லையா, பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டாய் என்று. "ஆமாக்கா, மூணு தரம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கார் நின்ற பக்கம் பார்த்தாள். கேட்டில் ஒரு பாதிதான் திறந்திருந்தது. குனிந்து கொண்டியைத் தூக்கி மற்றப் பாதியையும் திறந்தாள், மூச்சு வாங்கியது, நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று தள்ளினாள். ஓரமாக ஒதுங்கி நின்றாள். பந்திக்கு உள்ளே விடும்போது பிள்ளைகளைத் தலை தொட்டு எண்ணுவார்களே, அந்த மாதிரி வலது கையை நீட்டி, காற்றில், மெதுவாக, ஒவ்வொன்றாகத் தொட்டாள். சில தடவை கை இடுப்பு உயரத்தில், சில தடவை அதற்கும் கீழே. உதடு அசைந்தது. நானும் கூடவே எண்ணினேன். ஒன்பது.

பத்தாவதற்குக் கை ஓர் உயரத்தில் போய் நின்றது. அஞ்சு வயசுப் பிள்ளையின் தலை இருக்கிற உயரம். அப்படியே நின்றது. தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, எதிர்வீட்டு அம்மா ஊருக்குப் போய்ட்டு வந்தாச்சா என்று என்னை விசாரித்துவிட்டு உள்ளே போனாள், அக்காவின் கை இறங்கவில்லை.

பிறகு இறங்கியது. "சரி, நீ விடு. நானே போய்க் கூட்டிக்கிடுதேன்" என்றாள். கோபமே இல்லை. நான் நீட்டிய பொட்டலத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். உள்ளே போய், மகன் வந்தபோது கட்டிவைத்து அவள் தொடாமலே கிடந்த ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினாள், பூட்டவில்லை. சாவியை நிலையில் இருந்த ஆணியில் மாட்டப் போனவள், ஒரு நிமிஷம் யோசித்து, சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி கீழ்ப்படியில் வைத்துவிட்டு, வந்து காரில் ஏறி உட்கார்ந்தாள்.